எதிர்க் கை

இடது கால் முன்னால் போனால் வலது கை முன்னால் போக வேண்டும். வலது கால் போனால் இடது கை. இதில் என்ன இருக்கிறது, இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, நடை பழகிய குழந்தை பலூன்காரன் பின்னால் ஓடும்போது இதைச் சரியாகத்தான் செய்கிறது, திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு போகிறவர்கள்கூடச் சரியாகத்தான் செய்கிறார்கள், கால் எங்கே போகிறதென்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் கை அதனதன் நேரத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு வரவில்லை. என் இடது கால் கிளம்பினால் இடது கையும் கூடவே கிளம்பிவிடுகிறது. கையைத் தடுக்கப் பார்த்தால் கால் தடுமாறுகிறது, காலைப் பிடித்தால் கை மறந்துபோகிறது. பயத்தில் கை கால் ஓடவில்லை என்று சொல்வார்கள். எனக்கு நன்றாக ஓடுகிறது, ஒரே பக்கமாகச் சேர்ந்து ஓடுகிறது, அதுதான் வினை. இந்த ராணுவ அகாடமியின் அணிவகுப்பு மைதானத்தில் காலை வெயிலில் வரிசையில் நிற்கிறேன், முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். இங்கிருந்து தனியாக நடந்து போய் அந்த வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும், மேடைமேல் நிற்கும் கேப்டன் சாஹ்னிக்கு சல்யூட் அடிக்க வேண்டும், பெயரைக் கத்த வேண்டும், திரும்பி நடந்து வர வேண்டும். பரீட்சை அவ்வளவுதான். இதில் நான் இரண்டு முறை தவறிவிட்டேன். இது மூன்றாவது, கடைசி. இதிலும் போனால் ஒரு டெர்ம் கீழே இறக்கிவிடுவார்கள், ஆறு மாதம் கழித்து வருகிற புதுப் பையன்களோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், என்னோடு வந்தவர்கள் எனக்கு சீனியர் ஆகிவிடுவார்கள். அப்படி இறங்கியவர்களில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவார்கள் என்று சொல்கிறார்கள். நான் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை.

முன்னால் ஜெபசிங்கின் பிடரி. நேற்றுதான் முடி வெட்டினார்கள், வெட்டின இடத்தில் தோல் பச்சையாக இருக்கிறது, ஒரு துளி வியர்வை காதுக்குப் பின்னால் தொடங்கி மெதுவாக இறங்குகிறது, அது காலரைத் தொடுவதற்குள் ஒருவன் போய்த் திரும்பிவிடுகிறான். இந்தத் துளி யாருடையது, அடுத்த துளி யாருடையது, இப்படி எண்ணாதே, எண்ணினால் எனக்கான துளி வந்துவிடும். பூட்ஸ் பாலிஷ் வாசனையும் கஞ்சி போட்ட காக்கித் துணி வெயிலில் காயும் வாசனையும் கலந்து வருகிறது, ஊரில் இஸ்திரி வண்டிப் பக்கம் நடந்தால் வருமே அதே வாசனை, ஆனால் அங்கே அதற்குப் பயப்பட்டதில்லை. ஜெபசிங் நாசரேத்துக்காரன், இந்த பேட்சில் தமிழில் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள். அவனுக்கு நான் இயற்பியல் சொல்லித் தருகிறேன், அவன் எனக்குக் கால்சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு எடுக்கவும், மெஸ்ஸில் பெல் அடிப்பதற்குள் சாப்பிட்டு முடிக்கவும் கற்றுத் தந்தான். போன முறை அவனும் தவறினான், ஆனால் எதற்கு, கேப்டன் முன்னால் சிரித்துவிட்டான், அதற்கு. அந்த மாதிரி ஒரு தவறு எனக்குக் கிடைக்காதா. இங்கே உதட்டை அசைக்காமல் பேசக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம், பிடரி பேசுவது போல அவன் குரல் வருகிறது. "ஏல வேலு, மூச்சு விடுதியா?" விடுகிறேன் என்றேன். "வுடுல மொதல்ல. கையப் பத்தி நெனைக்காத." எப்புடிடா நெனைக்காம இருக்கறது, நெனைக்காதேன்னு சொன்னா அதான வருது என்றேன். "அப்ப ஞாயித்துக்கெழம கோழிக் கொழம்ப நெனைல." நினைத்தேன், மெஸ்ஸில் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நினைவுக்கு வந்தார், அவர் ஒரு கையில் வாளி, இன்னொரு கை வீசிக்கொண்டு வருகிறது, எந்தக் காலுக்கு எந்தக் கை என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். "இன்னொண்ணு. தப்பாப் போச்சுன்னா தப்பாவே போ. நடுவுல நின்னு சரி பண்ணாத. போன வாட்டி அதாம்ல ஒன்னியக் கெடுத்துச்சு." உஸ்தாத் இந்தப் பக்கம் திரும்பினார், பிடரி பேசுவதை நிறுத்திக்கொண்டது.

உஸ்தாத் என்றால் எங்களுக்கு டிரில் சொல்லித் தருகிற சுபேதார். தன்சிங் என்று பெயர், மீசை ஒவ்வொரு நாளும் ஒரே நீளத்தில் இருக்கும். எனக்கு அவர் வைத்த பெயர் கம்ப்யூட்டர். செங்கோட்டுவேல் என்ற என் பெயர் இங்கே யார் வாயிலும் நுழைவதில்லை, மற்றவர்கள் வேல் என்று வெட்டிக்கொண்டார்கள், அவர் அதையும் வேண்டாமென்று கம்ப்யூட்டர் என்றார். வந்த இரண்டாவது வாரம் நடந்தது அது. அதுவரை நான் எல்லோரையும் போலத்தான் நடந்தேன், சத்தியமாக நடந்தேன், சரியாகத்தான் நடந்திருக்க வேண்டும், யாரும் எதுவும் சொல்லவில்லையே. அன்றைக்கு உஸ்தாத் வரிசையின் ஓரமாக நடந்து வந்து என்னருகில் நின்று, கை தோள் அளவுக்கு எழவில்லை, கையைப் பார் என்றார். பார்த்தேன். அவ்வளவுதான், அன்று பார்த்தவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடந்துகொண்டிருக்கும்போது என் கையை நானே பார்த்தது அதுதான் முதல் தடவை, தோளிலிருந்து அது எனக்குச் சம்பந்தமில்லாமல் எழுந்து விழுந்துகொண்டிருந்தது, இதை யார் ஆட்டுகிறார்கள், நான்தானா, நானென்றால் எப்போது ஆட்டச் சொன்னேன், இப்படி ஒரு கேள்வி வந்தது, கேட்டு முடிப்பதற்குள் இரண்டு கையும் குழம்பி, இடது காலோடு இடது கை போய்விட்டது. பின்னால் வந்தவன் என்மேல் முட்டினான். உஸ்தாத் வரிசையை நிறுத்தி, படிப்பில் பெரிய ஆளாமே நீ, கம்ப்யூட்டரா, யோசிக்காதே, நட என்று இந்தியில் சொன்னார். யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். மனிதன் ஏன் எதிர்க் கையை வீசுகிறான் என்று நூலகத்தில் படித்தேன், கால் முன்னால் போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது, அந்தத் திருகலைச் சமன் செய்ய எதிர்ப் பக்கத்துக் கை போகிறது, படம் போட்டு அம்புக்குறி போட்டு ஜெபசிங்குக்கு விளக்கினேன், அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, கேள்வியாக வந்தால் முழு மதிப்பெண் வாங்குவேன் என்றான். எனக்கும் புரிந்துதான் இருந்தது. மறுநாள் காலை மைதானத்தில் இறங்கினேன், இடது கால், இடது கை. குளிக்கப் போகும்போது வாளியோடு சரியாக நடக்கிறேன், மெஸ்ஸுக்குச் சரியாக நடக்கிறேன், சரியாக நடக்கிறேன் என்று தெரிந்த நொடியில் தப்பாகிவிடுகிறது. தெரியாமல் இருந்தால்தான் வரும் என்றால் அதை நான் எப்படித் தெரிந்து செய்வது. அதற்காக முட்டிபோட்டு மைதானத்தைச் சுற்றியிருக்கிறேன், சரளைக்கல்லில் குட்டிக்கரணம் போட்டிருக்கிறேன், முதுகில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, தழும்பு வந்தது, கை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு இடம் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து விடுதிப் பள்ளி அது, மதிப்பெண் வாங்கித் தருவதற்காகவே கட்டிய பள்ளி. அங்கே மாதாமாதம் தேர்வு முடிந்ததும் மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள், முதல் ரேங்க் முதல் பெஞ்சின் முதல் இடம், இரண்டாவது அதற்குப் பக்கத்தில், அப்படியே கடைசிச் சுவர் வரைக்கும். ரிசல்ட் வந்த நாளில் வகுப்பே பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும், பெஞ்சுகள் இழுபடும், சிலர் அழுவார்கள், நான் மட்டும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒருமுறைகூட நகர்ந்ததில்லை, அந்த மரத்தில் என் முழங்கை பட்ட இடம் பளபளவென்று இருந்தது. எனக்குப் பக்கத்தில் கோகிலவாணி, அவள் எப்போதும் இரண்டாவது. அவள் பேனா எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்கும், என்னைவிட வேகமாக எழுதுகிறாளோ என்று என் பேனாவும் வேகமெடுக்கும், ஆக அப்போதும் பயம் இருந்திருக்கிறது, இல்லாமல் இல்லை, ஆனால் அது உட்கார்ந்திருக்கிறவனின் பயம், எழுந்து போக வேண்டியிருக்குமோ என்ற பயம். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை, இப்போது இந்த வரிசையில் நின்றுகொண்டு நினைக்கிறேன். இங்கே வந்து முதல் கணிதத் தேர்வின் முடிவை ஒட்டினார்கள். பெயரை மேலிருந்து தேடிப் பழகியவன் நான், முதல் பெயரைப் பார்ப்பேன், என் பெயர் இருக்கும், தேடல் முடிந்துவிடும். அன்றைக்கு முதல் பெயர் தேஷ்வால். சரி, இரண்டாவது. இல்லை. கண் இறங்கிக்கொண்டே போனது, இறங்க இறங்க யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது, நடுவில் எங்கேயோ என் பெயர் மற்ற பெயர்களோடு பெயராகக் கிடந்தது. தேஷ்வால் ஹரியானாக்காரன், மல்யுத்தத்தில் மாநில மெடல் வாங்கியவன், அவன் கணக்கில் முதலாக வரவேண்டும் என்று என்ன அவசியம். என் அறையில் இருக்கிற நேகி மலைக்காரன், மூச்சு வாங்காமல் எல்லோரையும் முந்தி ஓடுவான், ஓடி முடித்து வந்து ஆங்கிலக் கவிதை படிப்பான். பத்து வயதிலிருந்து சைனிக் பள்ளியில் அணிவகுத்தவர்கள் பாதிப் பேர், அவர்கள் தூக்கத்தில் நடந்தால்கூடக் கால் சேர்ந்து விழும். இங்கே எல்லோரும் எங்கேயோ ஒரு ஊரில் முதல் பெஞ்சின் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அத்தனை முதல் இடத்துக்காரர்களையும் கொண்டுவந்து ஒரே வரிசையில் நிறுத்தினால் யாராவது கடைசியில் நின்றுதானே ஆக வேண்டும். அது நானாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நுழைவுத் தேர்வில் அப்படி ஒரு கேள்வியே வரவில்லை.

"தேஜ் சல்." உஸ்தாத் கத்துகிறார், வேகமாக நட என்று அர்த்தம், வரிசையின் முதலில் நின்றவன் கிளம்பிவிட்டான், யார் அது, நேகியா, ஆமாம் காய்ச்சலில் படுத்திருந்தவன், இது அவனுக்கு முதல் தடவை, பூட்ஸின் அடியில் இருக்கும் இரும்பு மைதானத்தின் தார்த் தரையில் விழுகிற சத்தம் தூரம் போகப் போகச் சின்னதாகிறது, கை எழுகிறது, விழுகிறது, அவன் கையை அவன் பார்க்கவே இல்லை. வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அந்த ஒரு அடியை எடுத்து வைக்கும்போது என் கை எங்கே இருந்தது, உடம்போடு ஒட்டி இருந்தது, நல்லது, இப்படியே ஒட்டிக்கொண்டு போய்விட முடிந்தால். ஊரில் வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் இருக்கிற என் உடம்பு இதையெல்லாம் சரியாகச் செய்யும். நான் தேர்வாகி வந்தபோது அப்பாவோடு போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவர்கள் காசு போட்டு பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டியில் போகிறவர், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருஷத்தில் பாதிநாள் வெளியூர்தான். எங்களிடம் யூனிஃபார்ம் போட்ட படம் ஏது, அதனால் என் ஹால் டிக்கெட் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் எங்கிருந்தோ எடுத்த ஒரு உடம்புமேல் வைத்துவிட்டார். விறைப்பாகச் சல்யூட் அடிக்கிற உடம்பு, நெஞ்சு நிறைய மெடல், எந்தப் போரில் வாங்கியதோ, தோளில் இருக்கிற பட்டையைப் பார்த்தால் மேஜருக்கும் மேலே. தலை மட்டும் கொஞ்சம் பெரிது, எண்ணெய் வைத்து வாரிய தலை, பயந்த முழி. அதன் கீழே ஊரே நின்று படம் எடுத்தது. அந்த உடம்பு யாருடையது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த ஆளுக்குத் தன் உடம்பு திருச்செங்கோட்டில் நிற்பது தெரியாது. அதை இந்நேரம் எடுத்திருப்பார்கள், யார் வீட்டு மாட்டுக்கொட்டகை மேலாவது மழைக்குப் போர்த்தியிருப்பார்கள், ஆனாலும் நான் தவறிப்போய்ப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால் அது அங்கேயேதான் இருக்கும், அந்த உடம்பு சல்யூட்டை இறக்காமல் என்னைப் பார்க்கும். யார் தம்பி நீ, என் உடம்புமேல் தலை வைத்திருந்தாயே என்று கேட்கும். அதுகூடப் பரவாயில்லை. அம்மா எதுவும் கேட்கமாட்டாள், அதுதான் தாங்காது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்ட்டயா கண்ணு, கொரலு ஒரு மாதிரி இருக்குதே" என்றாள். ஒண்ணுமில்லீங்கம்மா என்றேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "ஆகலீன்னா வந்துரு சாமி. படிக்கறதுக்கு ஊருல எடமா இல்ல" என்றாள். திட்டியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும். ஆகலீன்னா என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை, அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, என் குரலில் என்ன கேட்டது. அப்பாவுக்குப் போட்டேன், பின்னால் கம்ப்ரசர் சத்தம், அவர் கத்துகிறார், "அங்க குளுருதா? செரி செரி, நல்லா இரு. இங்க வண்டி ஓடீட்டிருக்குது, வெச்சர்ட்டுமா?" வைங்கப்பா என்றேன். அவரிடம் எதையாவது சொல்லலாம் என்றுதான் போட்டேன், அந்தச் சத்தத்தில் எதைச் சொல்வது.

நேகி பாஸ். அடுத்தவன் போனான், வந்தான், பாஸ். பொத்தென்று விழுந்துவிட்டால் என்ன, மயக்கம் போட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், இன்னொரு நாள் தருவார்கள், வரிசையில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு, ஆனால் நான் விழமாட்டேன், எனக்குத் தெரியும், பயந்தால் எனக்கு எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும், மேடைக்குப் பின்னால் கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் தட்டுவது தெரிகிறது, அதற்கு மேலே ஒரு பருந்து சுற்றுவது தெரிகிறது, அது இறக்கையை ஆட்டவே இல்லை. போன முறை என்ன நடந்தது என்று நினைக்காதே. நடந்தது இதுதான், பாதி தூரத்தில் கை தப்பாகப் போகிறது என்று தெரிந்துவிட்டது, தெரிந்ததும் நின்றுவிட்டேன். நடந்துகொண்டிருந்தவன் மைதானத்தின் நடுவில் நின்று, ஒரு துள்ளு துள்ளி காலை மாற்றி, மறுபடியும் தொடங்கினேன், அதுவும் தப்பாகிவிட்டது, மறுபடியும் நின்றேன், மறுபடியும் துள்ளினேன். வரிசை முழுக்க மூக்கால் சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. தப்பு தெரிந்தால் சரிசெய்யத்தானே வேண்டும், பள்ளியில் கடைசிப் பத்து நிமிடம் எதற்கு வைத்திருந்தார்கள், ஒவ்வொரு கணக்கையும் திரும்பப் பார்த்து, அழித்து, எழுதி, தாளைக் கொடுக்கும்போது என் தாளில் ஒரு அடித்தல் இருக்காது. இங்கே அழிப்பதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நடக்கும்போது அழித்தால் அதுவே இன்னொரு தப்பு. ஜெபசிங் சொல்வது சரிதான், தப்பாகப் போனால் தப்பாகவே போக வேண்டும், ஆனால் தப்பு என்று தெரிந்துகொண்டே கடைசிவரைக்கும் ஒன்றைச் செய்துகொண்டு போக எனக்கு யார் கற்றுத் தந்தார்கள். "தேஜ் சல்." பிடரி போய்விட்டது. முன்னால் வெறும் மைதானம். இவ்வளவு பெரிய மைதானமா இது. ஜெபசிங் கொஞ்சம் கோணலாகத்தான் நடப்பான், ஒரு தோள் உயர்ந்திருக்கும், ஆனாலும் கை அதன் பாட்டுக்குப் போகிறது வருகிறது, கோட்டில் நின்றான், சல்யூட், பெயரைக் கத்தினான், சிரிக்காதே ஜெபா, சிரித்துவிடாதே, சிரித்தாலும் பரவாயில்லை என்று உள்ளுக்குள் ஒருவன் சொல்கிறான், சிரித்தால் நாம் ரெண்டு பேருமாகக் கீழே போகலாம், தனியாகப் போக வேண்டியதில்லை. அப்படி நினைத்ததும் எனக்கே கூசியது. அவன் சிரிக்கவில்லை. பாஸ். திரும்பி வந்து என்னைக் கடக்கும்போது ஒரு நொடி என்னைப் பார்த்தான், பேச முடியாது, கண்ணை மட்டும் மூடித் திறந்தான்.

"தேஜ் சல்." எனக்குத்தான். இடது கால், வலது கை, போனது. வலது கால், இடது கை. போனது, தோள் அளவுக்கு எழுந்தது. இடது கால், வலது கை. இரும்பு தாரில் அடிக்கிற சத்தம் என்னுடையதுதான், நல்ல சத்தம், ஒழுங்கான சத்தம், சரியாகப் போகிறதே என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. இடது கால் போனது, இடது கை அதன் பின்னாலேயே ஓடியது, அம்மாவைப் பார்த்த குழந்தை மாதிரி ஓடியது. தப்பு. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நில் என்றது மண்டை, நின்று மாற்று, துள்ளு, ஒரே ஒரு துள்ளு போதும், இன்னும் நேரம் இருக்கிறது. தப்பாகவே போ என்றான் ஜெபசிங். வலது கால், வலது கை. இடது கால், இடது கை. வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, மேடையில் இருக்கிற ஆள் கறுப்பாகத் தெரிகிறார், முகம் தெரியவில்லை, முகம் தெரிந்தால் அதில் என்ன இருக்கிறதென்று பார்த்து நின்றிருப்பேன். உடம்பு ஒரு பக்கம் திருகிக்கொண்டு போகிறது, படம் போட்டு அம்புக்குறி போட்ட அதே திருகல். பின்னால் வரிசை சிரிக்கிறதா, காதில் என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை, தப்பு நடந்துவிடுமோ என்ற பயம் எனக்குத் தெரியும், அது எனக்கு வீட்டு ஆள் மாதிரி, இது தப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதற்குள் நடக்கிற பயம், ஒவ்வொரு அடியும் தப்பு, அடுத்த அடியும் தப்பு, அதற்கு அடுத்ததும், அழிக்கவில்லை, நிற்கவில்லை, கோடு வருகிறது, வந்துவிட்டது, நின்றேன். கால் சேர்ந்து விழுந்தது. சல்யூட் அடித்தேன், அதற்கு ஒரு கைதானே வேண்டும். "கேடட் செங்கோட்டுவேல், சார்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன், கொடிக்கம்பத்துக்கு அப்பால் போய் அந்தப் பெயர் முழுசாகத் திரும்பி வந்தது, இந்த ஊரில் அதை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேப்டன் சாஹ்னி என்னைப் பார்த்தார். இந்த முறை நிற்கவில்லையே நீ என்றார் ஆங்கிலத்தில், ஏதோ குறித்துக்கொள்வது போல. இல்லை சார் என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஒரு நொடி எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, முதல் பெஞ்சு, பளபளப்பான மரம், எல்லாம். பிறகு, "ஃபெயில்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவருடைய கண் என் தோளைத் தாண்டி வரிசையில் அடுத்தவனிடம் போய்விட்டது.

எது இடிந்து விழும் என்று இத்தனை நாள் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு நின்றேனோ அது விழவில்லை. கயிறு கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பருந்து இறக்கையை ஒருமுறை ஆட்டியது. உஸ்தாத் கட்டளை கொடுத்தார், சல்யூட் அடித்துத் திரும்பினேன், இந்த மைதானத்தில் இனி என்னை யாரும் பார்க்கப் போவதில்லை, எல்லோருக்கும் அடுத்தவனைப் பார்க்கிற அவசரம். நடந்தேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமைவரை சும்மா இருக்கலாமா, குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், சொல்லித்தான் ஆக வேண்டும், ஆகலீங்கம்மா என்று நானே முதலில் சொல்லிவிட வேண்டும், அவள் வாயிலிருந்து அது இன்னொரு முறை வரக் கூடாது. வந்துரு சாமி என்பாள். வரலீங்கம்மா, இங்கியே இருக்கறேன் என்பேன். அப்படிச் சொல்வேனா. சொல்வேன் போலிருக்கிறது, இப்போது ஒரு தரம் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன், குரல் உடையவில்லை. தேஷ்வாலை சார் என்று கூப்பிட வேண்டும், நேகியை சார் என்று கூப்பிட வேண்டும், ஜெபசிங் கோழிக் குழம்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவன் சிரித்துவிடுவான், அதை அவனுக்கும் மேலே இருக்கிற சீனியர் யாராவது பார்த்தால் அவனுக்கு முட்டி போடத் தண்டனை கிடைக்கும். புதுப் பையன்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தன் பெயரை மேலிருந்து தேடுகிறவனாக இருப்பான், அவன் கண் கீழே இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். வெயில் இப்போது முதுகில் அடித்தது. எனக்கு முன்னால் தாரின்மேல் ஒருவன் போய்க்கொண்டிருந்தான், நீளமாக, கறுப்பாக, தோள் நிமிர்ந்து, ஒரு கை எழ எதிர்க்கால் எழ, உறுத்தலில்லாமல் நடந்துகொண்டிருந்தான், யார் உடம்பு இது, இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று பார்த்துக்கொண்டே வந்தவன், அது என் காலடியிலிருந்துதான் கிளம்புகிறது என்று கண்டேன். கண்டும் அது குழம்பவில்லை. வரிசையின் ஓரத்தில் நின்றிருந்த உஸ்தாத் தன்சிங் என்னையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் தொண்டை கிழியக் கத்திய ஆள், இப்போது பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில், "இப்போதா வந்தது, கம்ப்யூட்டர்?" என்றார். வந்துவிட்டது உஸ்தாத் என்றேன். நிற்கவில்லை.